மின்னஞ்சல் பெட்டியும் திணைப் பாகுபாடும்

எழுத்து என்று தோன்றிற்றோ அன்றே, எழுதியதை எங்கே வைப்பது, வைத்ததை எவ்வாறு தேடி எடுப்பது என்னும் கவலையும் உடன் தோன்றியிருத்தல் வேண்டும். ஓலையாயின் சுவடிக் கட்டு, தாளாயின் கோப்பு. இன்று நம் மடல்களிற் பெரும்பாலானவற்றுக்கு ஓலையும் இல்லை, தாளும் இல்லை. ஆயினும் அக்கவலை நீங்கவில்லை. பன்மடங்காகப் பெருகியே இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் காலையில் தம் மின்னஞ்சல் பெட்டியைத் திறந்தால், பல்கலைக்கழகச் சுற்றறிக்கை, தேர்வுப் பிரிவின் நினைவூட்டல், கருத்தரங்க அழைப்பு, மாணவர் அனுப்பிய ஒப்படைப்பு, வங்கி அறிவிப்பு, புத்தகத் தள்ளுபடி விளம்பரம், வளைகுடாவில் இருக்கும் மைத்துனர் அனுப்பிய குடும்பப் படம் ஆகிய யாவும் வந்த வரிசையிலேயே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. இவற்றை வகைப்படுத்தி வைத்தற்கு உரிய இரண்டு கருவிகளை இக்கட்டுரையில் விளக்க முற்படுகிறோம். ஒன்று 'லேபிள்' எனப்படும் அடையாளச் சிட்டை. மற்றொன்று 'ஃபில்டர்' எனப்படும் தானியங்கி வடிகட்டி. ஆசிரியரும் மாணவரும் பெரிதும் பயன்படுத்துவது ஜிமெயில் ஆதலின் அதனையே சான்றாகக் கொள்கிறோம்.

முதலில் மின்னஞ்சலோடு தொடர்பில்லாத ஒரு செய்தி. எம் அத்தா கடைத்தெருவில் சிறியதொரு தோல் மண்டி நடத்தி வந்தார். அக்காலத்துக் கடைகளில் எல்லாம் இருந்ததைப் போலவே அவர் மேசையருகிலும் கடிதம் குத்தி வைக்கும் கம்பிகள் உண்டு. ஏனைய கடைகளில் ஒரு கம்பி, அத்தாவிடம் மூன்று. ஒன்றில் சரக்குச் சீட்டுகளும் பட்டியல்களும். மற்றொன்றில் வங்கி, லாரி அலுவலகம் ஆகியவற்றின் கடிதங்கள். மூன்றாவது வீட்டுக் கடிதங்களுக்கு உரியது. ஒருநாள் சென்னையிலிருந்து எம் பெரியத்தா ஒரு கடிதம் எழுதியிருந்தார். அதன் முற்பகுதியில் ஆட்டுத்தோல் விலை. பிற்பகுதியில் தம் மகளின் திருமண நாள். இஃது எந்தக் கம்பிக்கு உரியது? அத்தா சிறிது நேரம் அதனைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணினார். பின் கடிதத்தைச் சரக்குக் கம்பியில் குத்தி, ஒரு துண்டுத்தாளில் "திருமண நாள், பெரியண்ணன் கடிதம், சரக்குக் கம்பியில்" என்று எழுதி அதனை வீட்டுக் கம்பியில் குத்தினார். சிறுவராய் இருந்த எமக்கு அது வேடிக்கையாகத் தோன்றிற்று. கணினியில் 'ஃபோல்டர்' எனப்படும் உறைக்கும் 'லேபிள்' எனப்படும் சிட்டைக்கும் உள்ள வேறுபாட்டைப் பின்னாளில் அறிந்தபோதுதான், அத்தா எழுதிய அத்துண்டுத்தாள் என்ன செய்தது என்பது விளங்கிற்று.

தமிழ் மாணவர்க்கு இவ்வேறுபாட்டை விளக்க வேறு சான்று தேட வேண்டியதில்லை. எட்டுத்தொகையுள் குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு என்னும் மூன்றையும் நோக்குக. மூன்றும் அகப்பாடல்களே, பாகுபாடு அடியளவால் அமைந்தது. பெரும்பாலும் நான்கு முதல் எட்டு அடிவரை உள்ளவை குறுந்தொகையிலும், ஒன்பது முதல் பன்னிரண்டு அடிவரை உள்ளவை நற்றிணையிலும், பதின்மூன்று முதல் முப்பத்தொன்று அடிவரை உள்ளவை அகநானூற்றிலும் சென்று சேர்ந்தன. ஒரு பாடல் ஒரு தொகையுள் இருந்தால் மற்றொன்றில் இராது. இஃது உறை முறை. ஆனால் அதே பாடலுக்குத் திணை ஒன்று, துறை ஒன்று, கூற்று ஒன்று, பாடிய புலவர் பெயர் ஒன்று எனப் பல அடையாளங்கள் ஒருங்கே உள்ளன. கபிலர் பாடியவற்றை எல்லாம் ஒருங்கு காண விரும்புவோர் ஒரு வகையில் தொகுத்துக்கொள்ளலாம். தோழி கூற்றை எல்லாம் காண விரும்புவோர் வேறொரு வகையில் தொகுத்துக்கொள்ளலாம். பாடல் தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. இது சிட்டை முறை.

ஜிமெயில் பின்பற்றுவது சிட்டை முறையையே. அதன் இடப்புறத்தே வரிசையாகத் தெரியும் பெயர்களைப் பலர் உறைகள் என்றே கருதுகின்றனர். அவை உறைகள் அல்ல. ஒரு மடல் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அதன்மேல் எத்தனைச் சிட்டைகளையும் ஒட்டலாம். வியப்பு யாதெனில், 'இன்பாக்ஸ்' என நாம் அன்றாடம் திறக்கும் வரவுப் பெட்டியும் ஒரு சிட்டையே. 'ஆர்க்கைவ்' என்னும் பொத்தானை அழுத்தினால் மடல் அழிவதில்லை. அதன்மேல் இருந்த 'இன்பாக்ஸ்' என்னும் சிட்டை மட்டும் உரிக்கப்படுகிறது. மடல் 'ஆல் மெயில்' என்னும் முழுத் தொகுப்பில் அவ்வாறே இருக்கும். மூத்த பேராசிரியர் சிலர் இப்பொத்தானை அழுத்த அஞ்சி, பல்லாயிரம் மடல்களை வரவுப் பெட்டியிலேயே அடைத்து வைத்திருப்பதைக் கண்டிருக்கிறோம். அவ்வச்சம் தேவையற்றது. அஞ்ச வேண்டியது 'டிலீட்' பொத்தானுக்கே. ஒரு மடலுக்கு மூன்று சிட்டைகள் இருந்து, ஏதேனும் ஒன்றன்கீழ் அதனைக் கண்டு அழித்தால், மூன்றிலிருந்தும் அது மறைந்துவிடும். குப்பைத் தொகுப்பில் முப்பது நாள் இருந்து பின் முற்றும் ஒழியும். மாறாக, சிட்டையையே அழித்தால் மடலுக்கு ஊறு ஒன்றும் இல்லை.

இத்தகைய முறை ஏன் தேவைப்பட்டது என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. கணினி வலையின் வழியே ஒருவர் மற்றொருவர்க்கு மடல் அனுப்பும் முறையை 1971இல் அமெரிக்காவின் ரே டாம்லின்சன் அமைத்தார்; பெயரையும் இடத்தையும் பிரிக்கும் 'அட்' குறியைத் தேர்ந்தவரும் அவரே. கேளாத விளம்பரம் வருதல் அண்மைக் கால நோய் என்று எண்ணுதல் தவறு. 1978இலேயே கணினி நிறுவனம் ஒன்றின் விற்பனையாளர் அவ்வலையில் இருந்த ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே விளம்பரத்தை அனுப்பிப் பலருடைய சினத்துக்கு ஆளானார். நம் நாட்டில் பொதுமக்களுக்கு இணைய இணைப்பு 1995 ஆகஸ்டு 15இல் வந்தது. மறு ஆண்டு சபீர் பாட்டியாவும் ஜாக் ஸ்மித்தும் தொடங்கிய ஹாட்மெயில், கட்டணமின்றி மடற்பெட்டி தந்தது. அதன் கொள்ளளவு வெறும் 2 மெகாபைட். இன்று கைபேசியில் எடுக்கும் படம் ஒன்றே அதனை நிரப்பிவிடும். ஆதலின் அந்நாளில் படித்த மடலை உடனே அழிப்பதே வழக்கம். அடுக்கி வைக்கும் சிக்கலே எழவில்லை. 2004 ஏப்ரல் முதல் நாள் கூகுள் நிறுவனம் 1 ஜிகாபைட் கொள்ளளவுடன் ஜிமெயிலை அறிவித்தபோது, நாளை நோக்கிப் பலர் அதனை முட்டாள்கள் தின விளையாட்டு என்றே கருதினர். அது மெய்யானதும் அழிக்கும் தேவை நீங்கிற்று, அழிக்காமையால் குவிந்தது, குவிந்தமையால் தேடலும் சிட்டையும் வேண்டியவாயின.

இனிச் செய்முறைக்கு வருவோம். சிட்டை படைத்தல் எளிது. கணினித் திரையில் இடப்புறத்தே 'லேபிள்ஸ்' என்பதன் அருகிலுள்ள கூட்டற்குறியை அழுத்திப் பெயர் தர வேண்டும். தமிழிலேயே பெயர் இடலாம். ஒரு சிட்டையின்கீழ் மற்றொன்றை உட்பிரிவாக வைக்கலாம், வண்ணமும் தீட்டலாம். பெயரின் முன் எண் இட்டால் அவை வரிசையில் மேலே வந்து நிற்கும். தொடக்கத்தில் யாம் செய்த பிழை, ஆர்வ மிகுதியால் முப்பத்திரண்டு சிட்டைகள் படைத்தமை. 'கருத்தரங்கு' என்று ஒன்று, 'தேசியக் கருத்தரங்கு' என்று ஒன்று, 'பயிலரங்கு' என்று ஒன்று. மடல் வருந்தோறும் இது கருத்தரங்கா பயிலரங்கா என ஆராய்வதிலேயே பொழுது கழிந்தது. இப்போது ஏழே வைத்திருக்கிறோம்: விடை வேண்டுவன, மாணவர், தேர்வு, அலுவலகம், ஆய்வு, வீடு, பிறகு. இவற்றுள் 'விடை வேண்டுவன' என்பதே தலையாயது. ஏனைய ஆறும் மடல் எதைப் பற்றியது என்று கூறுவன. இஃது ஒன்றே நாம் செய்ய வேண்டியது யாது என்று கூறுவது. விடை எழுதியவுடன் அச்சிட்டையை உரித்துவிட வேண்டும். உரிக்க மறந்தால் அது நாளடைவில் இன்னொரு வரவுப் பெட்டியாகிவிடும்.

ஒவ்வொரு மடலுக்கும் கையால் சிட்டை ஒட்டுதல் நடைமுறைக்கு ஒவ்வாது. இவ்விடத்தேதான் வடிகட்டி வருகிறது. மீண்டும் அகநானூற்றையே நினைக்கலாம். அதன் 400 பாடல்களையும் தொகுத்தோர் ஓர் ஒழுங்கை அமைத்தனர். ஒற்றைப்படை எண்ணுடையன எல்லாம் பாலை. இரண்டிலும் எட்டிலும் முடிவன குறிஞ்சி. நான்கில் முடிவன முல்லை. ஆறில் முடிவன மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். 147ஆம் பாடல் எத்திணை என்று கேட்டால் நூலைத் திறவாமலே பாலை என்று கூறிவிடலாம், 148 குறிஞ்சி, 150 நெய்தல். பாடலின் உள்ளே புகாமல் புறத்தே உள்ள ஒரு குறியைக் கொண்டு வகையை அறிவிக்கும் விதி இது. வடிகட்டி செய்வதும் இதுவே. "இன்ன முகவரியிலிருந்து வந்தால் இன்ன சிட்டை ஒட்டுக" என்று ஒருமுறை விதித்துவிட்டால், பின் வருவன எல்லாம் அவ்விதிப்படி நடக்கும். ஒரு வேற்றுமை உண்டு. தொகுத்தோர் பாடலைப் படித்துப் பொருள் உணர்ந்தே எண் கொடுத்தனர். வடிகட்டியோ எதனையும் உணர்வதில்லை. இவ்வேற்றுமையை மறந்ததன் விளைவைப் பின்னர்க் கூறுவோம்.

திரையின் மேலே உள்ள தேடற் கட்டத்தின் வலக்கோடியில் ஒரு சிறு குறி உண்டு. அதனை அழுத்தினால் சில கட்டங்கள் விரியும். அனுப்பியவர் யார், யாருக்கு அனுப்பியது, தலைப்பில் உள்ள சொல் யாது, மடலில் இருக்க வேண்டிய சொல் யாது, இருக்கக் கூடாத சொல் யாது, இணைப்பு உண்டா என்பன அவை. வேண்டியதை மட்டும் நிரப்பிக் 'கிரியேட் ஃபில்டர்' என்பதை அழுத்தினால், மடலை என்ன செய்வது என்னும் பட்டியல் தோன்றும். சிட்டை ஒட்டுக, விண்மீன் குறி இடுக, வரவுப் பெட்டியில் காட்டாது அனுப்புக, படித்ததாகக் குறிக்க, அழிக்க, ஒருபோதும் 'ஸ்பாம்' தொகுப்புக்கு அனுப்பற்க என்பன அவற்றுட் சில. அடியில் உள்ள ஒரு கட்டத்தைத் தேர்ந்தால் முன்னரே வந்து கிடக்கும் மடல்களுக்கும் அவ்விதி செல்லும். தேராவிடின் இனி வருவனவற்றுக்கு மட்டும். கைபேசிச் செயலியில் தேடிச் சலியாமல், இப்பணியைக் கணினியில் அமர்ந்தே செய்தல் நன்று.

தமிழில் எழுதப்படும் மடல்களைச் சொல் கொண்டு வடிகட்ட நினைப்போர்க்கு ஓர் எச்சரிக்கை. நம் மொழி ஒட்டுநிலை மொழி. 'தேர்வு' என்பது தேர்வை, தேர்வுக்கு, தேர்வில் என்று உருபேற்று நிற்கும். சந்தி வேறு சேரும். கருவியோ முழுச் சொல்லை நோக்குவது. ஆதலின் தமிழ் மடல்களுக்குச் சொல்லை நம்புவதினும் அனுப்புவோர் முகவரியை நம்புதல் தக்கது. சொல்லை நம்பி யாம் பட்டது ஆங்கிலச் சொல்லொன்றால்.

சில ஆண்டுகளுக்கு முன் பயிற்சி நிலையங்கள் பலவற்றிலிருந்து நாள்தோறும் ஐந்தாறு விளம்பர மடல்கள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றிலும் 'ஸ்காலர்ஷிப்' என்னும் சொல் இருந்தது. ஒரு மாலையில் சலிப்புற்று, அச்சொல் எம்மடலில் இருந்தாலும் அதனை வரவுப் பெட்டியில் காட்டாது, படித்ததாகவும் குறித்து, 'பிறகு' என்னும் சிட்டையின்கீழ்த் தள்ளுமாறு விதித்தோம். மறுநாள் முதல் பெட்டி அமைதியாயிற்று. அவ்வமைதியைக் குறித்துத் துறையில் உடன் பணியாற்றுவோரிடம் பெருமையாகவும் கூறினோம்.

அப்போது எம் துறையில் இறுதியாண்டு இளங்கலை பயின்ற மாணவி ஒருவர், கல்வி உதவித்தொகை ஒன்றுக்கு விண்ணப்பித்திருந்தார். வகுப்பில் முதல் மதிப்பெண் பெற்றவர். தந்தை வாடகை வண்டி ஓட்டுபவர். படிப்பு விடுமுறைக் காலம். அவர் ஊரிலிருந்து கல்லூரிக்கு வர இரண்டு பேருந்து மாற வேண்டும். ஆதலின் சான்றுத் தாளை மின்னஞ்சலில் இணைத்து, கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்புமாறு வேண்டியிருந்தார். தலைப்பில் 'ஸ்காலர்ஷிப்' என்று தெளிவாக எழுதியிருந்தார். நான்கு நாள் கழித்து ஒரு நினைவூட்டலும் எழுதினார். இரண்டும் வந்தன, இரண்டும் படித்ததாகக் குறிக்கப்பட்டு, நாம் காணா இடத்தில் சென்று அமைந்தன. பன்னிரண்டாம் நாள் வேறு எதையோ தேடும்போது அவற்றைக் கண்டோம். கடைசி நாள் சென்று மூன்று நாள் ஆகியிருந்தது. உதவித்தொகை வழங்குவோரிடம் தொலைபேசியில் பேசிப் பார்த்தோம். காலம் கடந்துவிட்டது என்றனர். அவர்கள் கூறியதிலும் பிழையில்லை. மாணவியை அழைத்து நடந்ததைக் கூறினோம். அவர், "ஐயா பார்த்திருப்பீங்க, வேலையா இருப்பீங்கன்னு நினைச்சேன், அதான் மறுபடியும் கேக்கல" என்றார். அவ்வாண்டுக் கட்டணத்தைத் துறையினர் பகிர்ந்து கட்டினோம், படிப்பு நிற்கவில்லை. ஆயினும் அது தம் மதிப்பெண்ணால் அவர் பெற்றிருக்க வேண்டிய தொகை. யாம் கொடுத்தது வேறு. அவ்வேறுபாட்டை அவரும் அறிவார், யாமும் அறிவோம்.

அதன்பின் வடிகட்டி அமைக்கும் முறையை மாற்றிக்கொண்டோம். முதலாவது, விதியை உடனே படைப்பதில்லை. கட்டங்களை நிரப்பியபின் முதலில் 'தேடு' என்பதை அழுத்துகிறோம். அவ்விதிக்கு உட்படும் பழைய மடல்கள் யாவும் வரிசையாக வரும். அவற்றுள் நமக்கு வேண்டிய மடல் ஒன்றேனும் இருந்தால் விதி தவறு. அன்று இதனைச் செய்திருந்தால், முந்தைய ஆண்டுகளில் மாணவர் அதே சொல்லுடன் எழுதிய மடல்கள் பல கண்முன் வந்திருக்கும். அரை நிமிடச் செயல் அது. இரண்டாவது, வரவுப் பெட்டியில் காட்டாமல் அனுப்புதல், படித்ததாகக் குறித்தல் ஆகிய இரண்டையும் ஒரே விதியில் சேர்ப்பதில்லை. ஒன்று மட்டும் இருந்தால், சிட்டையின் பெயர் தடித்து, படிக்காதவற்றின் எண்ணிக்கையை அருகே காட்டும். இரண்டும் சேர்ந்தால் மடல் வந்த சுவடே இராது. அழிக்குமாறு விதித்தலை அறவே விட்டுவிட்டோம்.

விளம்பரங்களை இப்போது சொல்லால் அன்றி முகவரியால் தடுக்கிறோம். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனி விதி வேண்டுவதில்லை. பல முகவரிகளை 'ஆர்' என்னும் ஆங்கில இணைப்புச் சொல்லைப் பெரிய எழுத்தில் இடையிட்டு ஒரே கட்டத்தில் எழுதலாம். பெரும்பான்மையான விளம்பர மடல்களில் விலகுவதற்கான இணைப்பும் இருக்கும். அறிந்த நிறுவனமாயின் அதனை அழுத்தி விலகுதல் வடிகட்டுதலினும் சிறந்தது. அறியாத முகவரியாயின் அதனைத் தொடாமல் 'ஸ்பாம்' எனக் குறித்தல் வேண்டும்.

மாணவர் மடல்களைத் தவறாமல் காண்பதற்கு வழி யாது என்பதே எஞ்சிய கேள்வி. கல்லூரி தந்த முகவரிகளிலிருந்து வருவனவற்றை எல்லாம் பிரிக்க ஒரு விதி போதும் என்று சிலர் கூறினர். போதாது. அம்மாணவியின் மடல் வந்தது தம் அண்ணனின் கைபேசியிலிருந்து, அண்ணனின் முகவரியில். நம் மாணவருள் பலர்க்கு இதுவே நிலைமை. தனிக் கைபேசி இல்லாதோர் உண்டு. கடவுச்சொல் மறந்தோர் உண்டு. ஆதலின் அனுப்புவோர் யார் என்பதை விடுத்து, எம்முகவரிக்கு அனுப்பினர் என்பதைக் கொண்டு பிரிக்கிறோம். ஜிமெயிலில் இதற்கு அழகியதொரு வழி உண்டு. நம் முகவரியில் 'அட்' குறிக்கு முன்னர்க் கூட்டற்குறி ஒன்றையும் அதனையடுத்து விரும்பிய சொல் ஒன்றையும் சேர்த்து எழுதினால், அம்மடலும் நம்மிடமே வந்து சேரும். புதிய கணக்குத் தொடங்க வேண்டியதில்லை. யாம் 'மாணவர்' என்னும் சொல்லை ஆங்கில எழுத்தில் சேர்த்து, அம்முகவரியை வகுப்பின் முதல் நாளில் கரும்பலகையில் எழுதிவிடுகிறோம். 'யாருக்கு' என்னும் கட்டத்தில் அதனை இட்டு, 'மாணவர்' என்னும் சிட்டை ஒட்டுக, விண்மீன் இடுக, ஒருபோதும் 'ஸ்பாம்' தொகுப்புக்கு அனுப்பற்க என மூன்றையும் விதித்துள்ளோம். அண்ணன் முகவரியிலிருந்து வந்தாலும், கணினி நிலையத்திலிருந்து வந்தாலும் அது தனித்துத் தெரியும். கூட்டற்குறியை விட்டு எழுதுவோரும் இருப்பர். அவர் மடல் எவ்விதிக்கும் உட்படாமல் வரவுப் பெட்டியிலேயே நிற்கும். அவ்வாறு நிற்பதே நலம்.

'பிறகு' என்னும் சிட்டையை இன்றும் வைத்திருக்கிறோம். சனிக்கிழமை காலை முதல் வேலையாக அதனைத் திறந்து, தலைப்புகளை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்துவிடுகிறோம். பெரும்பாலும் பத்து நிமிடம் ஆகிறது. சென்ற மாதம் அதில் ஒரு மாணவர் மடல் கிடந்தது. விடைத்தாள் நகல் பற்றியது. கடைசி நாளுக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது.